சூளைமேல் பழி போடும் முன்: செராமிக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூளையிலிருந்து எடுத்த குவளையில் விரிசல் தெரிந்தால், சூளையைத் திட்டுவதற்கு முன் அந்த விரிசலின் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் மழுங்கி, கிளேஸ் (பாண்டத்தின்மேல் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சு) அதன்மேல் உருண்டு வழிந்திருந்தால், கிளேஸ் உருகிய நேரத்தில் விரிசல் ஏற்கெனவே அங்கே இருந்திருக்கிறது. காயும்போதோ சூடேறும்போதோ விழுந்தது அது. ஓரம் கத்தி மாதிரி கூர்மையாக, கிளேஸையும் சேர்த்து வெட்டினாற்போல இருந்தால், ஆறும்போது விழுந்தது. ஒரு நிமிட வேலைதான். இதைச் செய்யாமலே சூளையின் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் நிறையப் பேர்.

ஆய்வகத்திலும் இதே கதைதான். களிமண்ணுக்குப் பதில் அலுமினா, சிர்கோனியா போன்ற உலோக ஆக்சைடுகள் என்று பெயர் மாறும், சூளைக்கு மின்சாரமும் கம்ப்யூட்டரும் வரும். ஆனால் மாதிரி உடைந்தால் முதலில் கை நீட்டுவது சின்டரிங் (பொடியைச் சுட்டு இறுக வைப்பது) வெப்பநிலையை நோக்கித்தான். குறை பெரும்பாலும் அதற்கு முன்பே உள்ளே போயிருக்கும்: பொடியில், ஈரத்தில், பாத்திரத்தில், சில சமயம் நம் கணக்கில்.

காற்றுக் குமிழியா, ஈரமா?

மண்பாண்டம் பழகப் போனால் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: மண்ணை நன்றாகப் பிசை, காற்றுக் குமிழி இருந்தால் சூளையில் வெடித்துவிடும். பிசைவது நல்லதுதான், சொல்லும் காரணம்தான் தப்பு. அறையில் உள்ள காற்றை 1000 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோனால் சுமார் 4 மடங்கு விரியும். காய்ந்த மண் முழுக்க நுண்துளைகள் என்பதால் அந்தக் காற்று மெதுவாகக் கசிந்து போய்விடும். தண்ணீர் அப்படிப்பட்டது இல்லை. 100 டிகிரியில் ஆவியாகும்போது 1600 மடங்குக்கும் அதிகமாக இடம் கேட்கும். பாண்டத்தைச் சிதறடிப்பது அந்த ஆவி. குமிழி மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் தடிமனான இடம், தடிமனான இடம் கடைசியாகக் காயும். அப்படித்தான் பழி குமிழிமேல் விழுந்தது.

ஈரம் போய்விட்டதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். இன்னும் சுடாத பாண்டத்தின் அடிப்பாகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது, அந்தக் குளிர்ச்சி அதனால் வருவது. சந்தேகமாக இருந்தால் சூளையை 100 டிகிரிக்குக் கீழேயே சில மணி நேரம் நிறுத்தி வையுங்கள். அப்புறம் இன்னொரு தண்ணீர் இருக்கிறது. எலும்பாகக் காய்ந்த கயோலின் களிமண்ணிலும், எடையில் சுமார் 14 சதவீதம் படிகத்துக்குள் வேதிப்பிணைப்பில் இருக்கும் நீர். அது 450 முதல் 600 டிகிரிக்குள் வெளியேறுகிறது. அந்தக் கட்டத்திலும் அவசரம் கூடாது.

திரையில் தெரியும் எண்

"1240 டிகிரியில் சுட்டேன்" என்று ஒருவர் சொன்னால் அது பாதித் தகவல். எவ்வளவு வேகமாக அங்கே போனார், எவ்வளவு நேரம் நின்றார் என்பது மீதிப் பாதி. ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் சேகர் 1886-ல் பெர்லினில் சூளைக் கூம்புகளை உருவாக்கியதன் அடிப்படையே இதுதான். கூம்பு வெப்பநிலையை அளப்பதில்லை. களிமண்ணும் கிளேஸும் வாங்கிக்கொண்ட வெப்ப வேலையை, தானும் அதே மாதிரி கலவையாக இருந்து வளைந்து காட்டுகிறது. இன்று பரவலாகப் பயன்படும் ஆர்ட்டன் 6-ஆம் எண் கூம்பு, கடைசிக் கட்டத்தில் மணிக்கு 60 டிகிரி வீதம் சூடேற்றினால் 1222 டிகிரியில் சாயும். மணிக்கு 150 டிகிரி என்றால் 1243 வரை போக வேண்டும். 20 டிகிரி வித்தியாசம் வேகத்தால் மட்டுமே வருகிறது. டிஜிட்டல் கன்ட்ரோலர் வந்த பிறகு கூம்பைத் தூக்கி எறிந்தவர்கள், சூளைக்குள் வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள் பழசாகப் பழசாகத் தப்பாகக் காட்டத் தொடங்கும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

இதே தவறு நவீன ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போதும் நடக்கிறது. 2010-ல் கொலோன்யா, ராஷ்கோவா, ராஜ் ஆகியோர், மின்புலம் கொடுத்தால் சிர்கோனியா 850 டிகிரியில், 5 விநாடிக்குள் இறுகிவிடுகிறது என்று காட்டினார்கள். ஃபிளாஷ் சின்டரிங் என்று பெயர். வழக்கமான முறையில் அதற்கு 1400 டிகிரிக்கு மேல், மணிக்கணக்கில் வேண்டும். இதைப் படித்துவிட்டு, பொருள் 850 டிகிரியில் இறுகியது என்று எழுதுபவர்கள் உண்டு. 850 என்பது சூளையின் வெப்பநிலை. மின்னோட்டம் பாயும்போது மாதிரியின் உள்ளே உண்டாகும் வெப்பம் அதைவிட வெகு மேலே போகிறது. அந்த முறையின் மதிப்பு குறைந்துவிடவில்லை. எந்த எண் எதனுடையது என்று பார்க்க வேண்டும், அவ்வளவே.

ஒரே சிலிக்கா, இரண்டு வேலை

சூளையைத் திறந்ததும் "டிங்... டிங்..." என்று மெல்லிய சத்தம் கேட்டால், அது கிளேஸில் வலைவலையாக விரிசல் விழும் சத்தம். ஆறும்போது கிளேஸ், கீழே உள்ள உடலைவிட (பாண்டத்தின் மண் பகுதி) அதிகமாகச் சுருங்க முயல்கிறது, முடியாமல் கிழிகிறது. இதைச் சரிசெய்ய மணலின் முக்கியப் பொருளான சிலிக்கா சேர்க்கச் சொல்வார்கள். எதில் சேர்ப்பது என்று கேட்டால் "இரண்டிலும்" என்ற பதில் வரும். புதிதாக வருபவர்கள் குழம்புவது இங்கேதான். கிளேஸுக்குள் போகும் சிலிக்கா உருகிக் கண்ணாடியோடு கரைந்துவிடும், கண்ணாடி நிலையில் சிலிக்கா மிகக் குறைவாகவே விரியும், சுருங்கும். உடலுக்குள் இருக்கும் சிலிக்காவில் கரையாத பகுதி குவார்ட்ஸ் படிகமாகவே தங்குகிறது. படிகம் நிறைய விரியும், நிறையச் சுருங்கும். ஆக, ஒரு பக்கம் கிளேஸின் சுருக்கம் குறைகிறது, மறுபக்கம் உடலின் சுருக்கம் கூடுகிறது. இரண்டும் ஒரே தீர்வுக்கு உதவுகின்றன.

அந்தக் குவார்ட்ஸ் 573 டிகிரியில் படிக வடிவம் மாறும்போது சட்டென்று கன அளவை மாற்றும். அதிக நேரம் சுட்ட உடலில் உருவாகும் கிறிஸ்டோபலைட் என்ற இன்னொரு சிலிக்கா படிகம் இன்னும் மோசம், அது 200 டிகிரியை ஒட்டி, நாம் ஆறிவிட்டது என்று சூளையைத் திறக்கும் நேரத்தில் சுருங்கும். முதலில் சொன்ன கூர்மையான ஓர விரிசல்களுக்குப் பெரும்பாலும் இவைதான் காரணம். வேதிச் சூத்திரம் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றில்லை.

எக்ஸ்-கதிர் படிக ஆய்வை மட்டும் நம்புபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அது படிகங்களைக் காட்டும். சுட்ட பீங்கானில் பெரும்பகுதியாக இருக்கும் கண்ணாடி, பின்னணியில் ஒரு மங்கலான மேடாக ஒளிந்துகொள்ளும்.

நுண்மை மட்டும் போதாது

நானோ பொடி வாங்கினால் குறைந்த வெப்பத்தில் இறுகும் என்பது தத்துவப்படி சரி. பையைத் திறந்தால் வருவது தனித்தனி நானோ துகள்கள் இல்லை, அவை ஒட்டிக்கொண்ட கட்டிகள். சூளையில் கட்டி தனக்குள் முதலில் இறுகிச் சுருங்கும். சுற்றியுள்ள பகுதியிலிருந்து விலகி, தன்னைச் சுற்றி விரிசல் வடிவத்தில் ஓர் இடைவெளியை விட்டுவைக்கும். அந்த இடைவெளியை எந்த வெப்பநிலையும் மூடாது. ஒழுங்காகப் பிரிக்கப்பட்ட, கொஞ்சம் பெரிய துகள் பொடியே பல நேரம் மேல்.

செராமிக் பொடியைப் பிசினில் கலந்து அடுக்கடுக்காக அச்சடிக்கும் 3டி அச்சில் கவனிக்க வேண்டியது சுருக்கம். அச்சடித்த உருவில் செராமிக் 55 சதவீதக் கன அளவுதான் என்றால், முழுதும் இறுகும்போது ஒவ்வொரு பக்கமும் சுமார் 18 சதவீதம் குறையும். அடுக்கு ஏறும் திசையில் அது மற்றத் திசைகளோடு அப்படியே பொருந்துவதும் இல்லை. பிசின் எரிந்து போகும் கட்டத்தை அவசரப்படுத்தினால் தடிமனான சுவர்கள் உள்ளேயே பிளந்துவிடும்.

சராசரி வலிமை என்ற மாயை

பொறியாளர்கள் அதிகம் விழும் குழி இது. எஃகுக்குச் சராசரி வலிமையைப் பார்த்து வடிவமைக்கலாம், மாறுபாடு சிறியது. செராமிக் உடைவது உள்ளே இருக்கும் மிகப் பெரிய குறையிலிருந்து. பொறியாளர் கிரிஃபித் 1921-லேயே கண்ணாடியில் இதைக் காட்டிவிட்டார். மிகப் பெரிய குறை எங்கே, எவ்வளவு பெரிது என்பது ஒவ்வொரு துண்டுக்கும் மாறும். 1939-ல் ஸ்வீடன் பொறியாளர் வெய்புல் கொடுத்த கணக்கு இந்தச் சிதறலை ஓர் எண்ணில் சொல்கிறது, எண் சிறிதானால் சிதறல் பெரிது. அந்த எண் 10 என்று வைத்துக்கொள்வோம், சாதாரண அலுமினாவுக்கு அது நியாயமான மதிப்பு. சராசரி வலிமை 400 மெகாபாஸ்கல் இருந்தாலும், 300-ஐ எட்டுவதற்குள்ளேயே நூற்றில் சுமார் மூன்று துண்டுகள் உடைந்துவிடும்.

அளவும் சேர்ந்துகொள்ளும். சோதித்தது தீக்குச்சி மாதிரி சின்னப் பட்டை, செய்யப்போவது அதைவிட 1000 மடங்கு கன அளவுள்ள பாகம். வெய்புல் எண் 10 என்றால், 1000-இன் பத்தாம் படிமூலம் கிட்டத்தட்ட 2. பெரிய பாகத்துக்கு எதிர்பார்க்கக்கூடிய வலிமை பாதிதான். பெரியதில் பெரிய குறை ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதைத்தான் கணக்கு சொல்கிறது. 5 பட்டைகளை உடைத்துவிட்டு வெய்புல் எண் சொல்பவர்களை நம்ப வேண்டாம், குறைந்தது 30 பட்டைகள் வேண்டும்.

கடினத்தையும் உறுதியையும் ஒன்றாக நினைப்பது இதன் தம்பி. கடினமானது கீறல் படாது, அதற்காகக் கீழே விழுந்தால் உடையாது என்று அர்த்தமில்லை.

சிர்கோனியா என்று ஒன்று இல்லை

பல் மருத்துவத்தில் "சிர்கோனியா கிரவுன்" என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 3 மோல் சதவீத இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) கலந்தது ஒரு பொருள். விரிசல் நெருங்கும்போது அதன் படிகங்கள் வடிவம் மாறி, சுமார் 4 சதவீதம் கன அளவு வீங்கி, விரிசலை இறுக்கிப் பிடிக்கும். 5 சதவீதம் கலந்தது பார்க்க இன்னும் இயல்பான பல்போல ஒளி ஊடுருவும், ஆனால் அந்த வீக்கம் அதில் பெரிதாக நடக்காது, வலிமையும் நன்றாகக் குறைந்துவிடும். முன்பல்லுக்குப் பொருந்துவது கடைவாய்ப் பல்லுக்குப் பொருந்தாது.

வலிமை தரும் அந்த வடிவ மாற்றமே ஈரத்தில் எதிரியாகவும் மாறும். 2001-ல் இடுப்பு மூட்டு மாற்றில் வைத்த சிர்கோனியா உருண்டைகள் சில குறிப்பிட்ட தொகுதிகளில் நூற்றுக்கணக்கில் உடைந்தன. கலவை பழையதுதான், சுடும் சூளையின் வகையைத்தான் மாற்றியிருந்தார்கள். நிஜமாகவே சூளைமேல் பழி போடலாம் என்ற இடம் இது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பாத்திரமும் ஒரு மூலப்பொருள்

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. 2007-ல் ராமசாமி முருகன், வெங்கட்ராமன் தங்கதுரை, வெர்னர் வெப்னர் மூவரும் லித்தியம், லாந்தனம், சிர்கோனியம் சேர்ந்த, கார்னெட் என்ற கனிமத்தின் படிக அமைப்புள்ள செராமிக்கை வெளியிட்டார்கள். திட நிலை மின்கல ஆய்வில் இன்றும் முன்னணியில் இருக்கும் பொருள். அதன் கனசதுரப் படிகம் லித்தியம் அயனியை நன்றாகக் கடத்தும். இன்னொரு படிக வடிவம் அதைவிட ஏறக்குறைய நூறு மடங்கு மந்தம். சிலருக்கு நல்ல வடிவம் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது: சுட வைத்த அலுமினா பாத்திரத்திலிருந்து (குரூசிபிள்) கொஞ்சம் அலுமினியம் பொடிக்குள் ஏறி, கனசதுர வடிவத்தை நிலைநிறுத்தியிருக்கிறது. யாரும் எழுதிவைக்காத மூலப்பொருள் பாத்திரத்திலிருந்து வந்தது. இன்று பலர் அலுமினியத்தை வேண்டுமென்றே அளந்து சேர்க்கிறார்கள்.

இன்னும் இரண்டு தவறுகள் இதே பொருளில். சுடும்போது லித்தியம் ஆவியாகிப் போகும், அதை ஈடுகட்ட மாதிரியைச் சுற்றி அதே பொடியைக் கொட்டி மூடாவிட்டால் கலவை மாறிவிடும். சுட்டதை அலமாரியில் சும்மா வைத்தால், காற்றின் ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து மேலே லித்தியம் கார்பனேட் படலத்தைப் போர்த்திவிடும். அப்புறம் மின்கலத்தில் தடை அதிகம் என்று பொருளைக் குறை சொல்வார்கள்.

தூசி

கடைசியாக, உடைந்த பாண்டத்தைவிட மோசமான ஒன்று. பட்டறையை விளக்குமாறால் உலர்ந்தபடி பெருக்காதீர்கள். களிமண், கிளேஸ் தூசியில் உள்ள படிக சிலிக்கா நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயை உண்டாக்கும். 1997-லிருந்து அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் இருக்கிறது. கெடுதல் செய்யும் துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். ஈரத்துணியால் துடையுங்கள், பொடியைத் தண்ணீரில் கொட்டுங்கள், தண்ணீரைப் பொடியில் கொட்டாதீர்கள். வேலை செய்த உடுப்பைக் கழற்றி உதறாமல் நேராகத் துவைக்கப் போடுங்கள்.