நின்று வேலை செய்யும் மேசை: முழங்கையிலிருந்து தொடங்குங்கள்

நிற்கும் மேசை வாங்கிய பலர் குதிகால் வலி, கழுத்து வலி என்று முதல் வாரத்திலேயே நாற்காலிக்குத் திரும்பிவிடுகிறார்கள். உயரத்தை அளக்காமல் விட்டதும், முதல் நாளே மணிக்கணக்கில் நின்றதும்தான் பெரும்பாலும் காரணம்.

படி 1: அளவு. தோளைத் தளர்த்தி நேராக நின்று, முழங்கையை 90 டிகிரிக்கு மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை வீட்டில் யாரையாவது இஞ்ச் டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். கீபோர்டு அந்த உயரத்தில், அல்லது ஒரு விரற்கடை கீழே இருக்கட்டும். மணிக்கட்டு வளையக் கூடாது. எனக்கு 104 செ.மீ. வந்தது. அதற்கு முன் 84 செ.மீ. உயரச் சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்து வேலை பார்த்தேன். மூன்றே நாளில் கழுத்து பிடித்துக்கொண்டது.

படி 2: திரை. மேல்விளிம்பு கண் மட்டத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் சேர்ந்தே இருப்பதால் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். லேப்டாப்பைப் புத்தக அடுக்கின் மேல் ஏற்றிவிட்டு, தனி கீபோர்டும் மவுஸும் வையுங்கள். ப்ரோகிரசிவ் கண்ணாடி (தூரப் பார்வைக்கு மேலும், படிக்கக் கீழுமாக ஒரே கண்ணாடி) போடுபவர்கள் திரையைச் சற்று இறக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் படிக்க முகவாயைத் தூக்கிக்கொண்டே இருப்பீர்கள்.

படி 3: கால். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். மெத்தென்ற மேட், இல்லையென்றால் மென்மையான செருப்பு வேண்டும். அவற்றோடு நின்று உயரத்தை மறுபடி அளந்துகொள்ளுங்கள். வீட்டில் பழைய மணைப்பலகை கிடந்தால் எடுத்துப் போடுங்கள். ஒரு காலை அதன்மேல் வைத்து, சற்று நேரத்தில் மற்றக் காலை மாற்றினால் இடுப்புக்கு அவ்வளவு இதம்.

படி 4: நேரம். முதல் வாரம் ஒரு தடவைக்கு 20 நிமிடம் போதும். 2015இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் நிபுணர்கள் சொன்னது, வேலை நேரத்தில் 2 மணி நேரம் நிற்பதில் அல்லது மெல்ல நடப்பதில் தொடங்கி, படிப்படியாக 4 மணி நேரத்துக்குப் போகலாம் என்பது. அசையாமல் நின்றே இருந்தால் கால் வீங்கும். வெரிகோஸ் தொல்லை (காலில் ரத்த நாளங்கள் புடைத்துச் சுருள்வது) உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

படி 5: டிரெட்மில். மேசைக்கடியில் இந்த நடை இயந்திரத்தைப் போட்டு நடந்துகொண்டே வேலை பார்க்க நினைப்பவர்களுக்கு மட்டும் இது. அதன்மேல் ஏறி நின்றால் நீங்கள் உயர்ந்துவிடுவீர்கள். பழைய அளவு செல்லாது, மறுபடி அளக்க வேண்டும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்த ஜேம்ஸ் லெவின், நடந்துகொண்டே வேலை பார்ப்பது பற்றி 2007இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் தாங்களே தேர்ந்த வேகம் மணிக்குச் சுமார் 1.8 கி.மீ.தான். போன் பேசுவது, படிப்பது போன்றவற்றை நடந்துகொண்டே பாருங்கள். மவுஸ் துல்லியமாக நகரவேண்டிய எக்செல் வேலைக்கு பெல்ட்டை நிறுத்துங்கள். சேலைத் தலைப்பு, துப்பட்டாவைச் செருகிக்கொண்டு, பாதுகாப்பு கிளிப்பை (இழுபட்டால் இயந்திரத்தை நிறுத்துவது) உடையில் மாட்டுங்கள். காலிங் பெல் அடித்தாலும் பெல்ட் முழுதாக நின்ற பிறகே இறங்குங்கள்.