நினைத்தது நடந்ததா, இல்லையா: ஆங்கிலத்தில் சொல்லும் விதம்

கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்கப் போனால் சில நாள் கிழக்கே மேகம் மூடிவிடும். அப்போது 'ஐ தாட் இட் வுட் பி கிளியர்' என்று சொல்ல வேண்டும். 'தாட்' இறந்தகாலம், பின்னால் 'வில்' போட்டால் பிழை.

இதில் அழுத்தம்தான் முக்கியம். பாடப்புத்தகத்தில் படித்து மட்டும் இது பிடிபடாது, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். 'ஐ தாட் இட் வுட் ரெயின்' என்பதில் 'தாட்' மேல் அழுத்தினால், நினைத்தபடியே மழை பெய்தது. 'ரெயின்' மேல் அழுத்தினால், பெய்யவில்லை. எழுத்தில் அழுத்தம் தெரியாது. அதனால் பலித்ததற்கு 'ஷூர் இனஃப், இட் ரெயின்ட்' என்றும், பொய்த்ததற்கு 'பட் இட் டிடன்ட்' என்றும் சேர்த்து எழுதுங்கள்.

வடசேரியில் தக்கலை பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறீர்கள். 'த பஸ் வாஸ் சப்போஸ்ட் டு லீவ் அட் சிக்ஸ்' என்றாலே, ஆறு மணிக்குக் கிளம்பவில்லை என்றுதான் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். சரியாகக் கிளம்பியிருந்தால் 'இட் லெஃப்ட் அட் சிக்ஸ், அஸ் எக்ஸ்பெக்டட்' போதும். வராது என்று கைவிட்ட பஸ் வந்துவிட்டால், 'இட் கேம் ஆஃப்டர் ஆல்'. இந்த 'ஆஃப்டர் ஆல்' வாக்கியத்தின் கடைசியில் வர வேண்டும். முதலில் வைத்தால் காரணம் சொல்வதாகப் பொருள் மாறிவிடும்.