அன்றாட ஆங்கிலம் கற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேருகிற பலர் முதல் நாளே ஒரு நோட்டை எடுத்து, பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லையும் வலப்பக்கம் அதன் தமிழ்ப் பொருளையும் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். கைப்பேசியில் ‘தினம் ஐந்து சொல்’ என்று வருகிற படங்களையும் விடாமல் சேர்த்து வைக்கிறார்கள். உழைப்பில் குறையே இல்லை. ஆனால் புதுச்சேரிப் பேருந்து நிலையத்தில் ஒரு வெளிநாட்டுப் பயணி, கடற்கரைக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால், அந்த நோட்டிலிருந்து ஒரு சொல்லும் நாக்குக்கு வருவதில்லை. ‘டேக்’ என்றால் ‘எடு’ என்று எழுதி வைத்தவருக்கு, ‘இட் டேக்ஸ் டென் மினிட்ஸ் பை ஆட்டோ’ என்று பதில் சொல்வதற்கு அந்தப் பொருள் உதவாது. ‘டேக் எ சீட்’ என்றால் உட்காருங்கள்; ‘டேக் எ லெஃப்ட்’ என்றால் இடப்பக்கம் திரும்புங்கள்; ‘டேக் கேர்’ என்றால் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே சொல்லைத் தனியே பிரித்து எழுதாமல், எந்த இடத்தில் யார் யாரிடம் சொல்வது என்ற குறிப்போடு முழுத் தொடராக எழுதிக்கொள்ள வேண்டும். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பழக்கம் இல்லாததால் வருபவைதான்.

அரிய சொற்களைத் தேடிப் போவதும் வீண் வேலையே. காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய பழைய அகராதியை முதல் எழுத்திலிருந்து மனப்பாடம் செய்ய முனைவதால் பேச்சு வந்துவிடாது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் டாக்காவில் பணியாற்றி, ஆங்கிலம் கற்பிக்கும் முறையை ஆராய்ந்த மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் ஏறக்குறைய 2,000 அடிப்படைச் சொற்களே உள்ளன. சாதாரணப் பேச்சிலும் எழுத்திலும் வருகிற சொற்களில் பெரும்பகுதி அவற்றுக்குள் அடங்கிவிடுகிறது. ‘கெட்’, ‘புட்’, ‘கோ’, ‘கம்’, ‘ஹேவ்’ போன்ற சிறு சொற்கள் எத்தனை தொடர்களில் எப்படியெல்லாம் வருகின்றன என்று பார்ப்பதற்குச் செலவிடும் நேரம் ஒருபோதும் வீணாகாது.

தமிழில் ஒரு வாக்கியத்தை முழுவதும் அமைத்துவிட்டு, அதை அப்படியே ஆங்கிலத்தில் ஊற்றுவதால் வரும் பிழைகள் தனி வகை. ‘அதைப் பற்றி விவாதிப்போம்’ என்று நினைப்பதால் ‘டிஸ்கஸ் அபௌட்’ வந்துவிடுகிறது; ‘டிஸ்கஸ்’ என்பதற்குள்ளேயே ‘பற்றி’ அடங்கியிருப்பதால் ‘அபௌட்’ வேண்டியதில்லை. ‘ரிட்டர்ன் பேக்’ என்பதில் ‘பேக்’ மிகை. ‘கோப் அப் வித்’ என்பதில் ‘அப்’ மிகை. நம் மொழியில் ‘வருகிறேன்’ என்ற ஒரே வடிவம், நாள்தோறும் வருவதையும் இந்த நொடியில் வந்துகொண்டிருப்பதையும் குறிக்கும்; ஆங்கிலமோ இரண்டையும் பிரித்துச் சொல்லும். அதனால்தான் ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்றும், ‘ஐ கோ டு ஒர்க் பை பஸ்’ என்பதற்குப் பதிலாக ‘டெய்லி ஐ ஆம் கோயிங்’ என்றும் வருகிறது. விடைபெறும்போது ‘போய்விட்டு வருகிறேன்’ என்பது நமக்கு மங்கலமான வழக்கம். ஆனால் ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்று கேட்ட ஆங்கிலேயர், நீங்கள் சற்று நேரத்தில் திரும்பி வரப்போகிறீர்கள் என்றே நினைத்துக்கொள்வார். அங்கே ‘சீ யூ லேட்டர்’ அல்லது ‘பை’ போதும்.

இதிலும் அளவு தேவை. ‘டுடே மார்னிங்’, ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’, ‘ஐ ஹேவ் எ டவுட்’ ஆகியவை இந்திய ஆங்கிலத்தில் ஊறிவிட்ட வழக்குகள். கடலூர் சிப்காட்டில் நேர்முகத் தேர்வு நடத்துபவர் யாரும் இவற்றைத் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார். இவற்றைப் பேசியதற்காக ஒருவரை வகுப்பில் எழுப்பித் திருத்துவது அவர் வாயை அடைத்துவிடும் என்பதால், அதை நான் ஏற்பதில்லை. ஆனால் படிப்பை முடித்தேன் என்ற பொருளில் ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2019’ என்று வெளிநாட்டவரிடம் சொன்னால், அந்த ஆண்டில் மயங்கி விழுந்ததாக அவர் எண்ணிக்கொள்வார். யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து ‘ஐ கிராஜுவேட்டட்’ என்று மாற்றிக்கொள்ளத் தெரிந்திருந்தால் போதும்.

எல்லாவற்றிலும் அதிகக் குழப்பம் தருவது ‘எஸ்’, ‘நோ’ என்னும் இரண்டு சிறு சொற்களே. விருந்தினர் இல்லத்தின் வரவேற்பு மேசைக்கு வந்த பெண்மணி, ‘டோண்ட் யூ ஹேவ் ஹாட் வாட்டர்?’ என்று கேட்கிறார். மேசைக்குப் பின்னால் இருக்கும் இளைஞர் மனத்தில் அது ‘வெந்நீர் இல்லையா?’ என்று ஒலிக்கிறது; ‘ஆமாம், இல்லை’ என்று நினைத்து ‘எஸ் மேடம்’ என்கிறார். வெந்நீர் இருக்கிறது என்று புரிந்துகொண்டு அந்தப் பெண்மணி அறைக்குத் திரும்பிப் போகிறார். தமிழில் நாம் கேட்டவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறோமா, மறுக்கிறோமா என்று பார்த்துப் பதில் தருகிறோம். ஆங்கிலத்தில் கேள்வி எப்படி அமைந்திருந்தாலும் கேட்ட பொருள் இருந்தால் ‘எஸ்’, இல்லாவிட்டால் ‘நோ’. ஆகவே அங்கே சொல்ல வேண்டியது ‘நோ, ஐ ஆம் சாரி, வி டோண்ட்’ என்பதே. ‘டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?’ என்ற கேள்வியும் இத்தகையதே. இங்கே உட்கார்ந்தால் உங்களுக்கு ஆட்சேபமா என்று கேட்பதால், ‘எஸ்’ என்றால் உட்காராதே என்றாகிவிடும். ‘நாட் அட் ஆல்’ என்று சொல்லிப் பழக வேண்டும். இந்த இரண்டு உரையாடல்களையும் இருவராக உட்கார்ந்து வாய்விட்டுப் பேசிப் பார்க்காமல் இது கைவராது.

மரியாதையும் இப்படித்தான் வழியில் தொலைந்துவிடுகிறது. ‘கொடுங்கள்’ என்பதில் உள்ள ‘உங்கள்’ விகுதியே தமிழில் பணிவைச் சுமக்கிறது. ஆங்கில வினைச்சொல்லில் அப்படி ஒட்டுவதற்கு ஏதுமில்லை. வெளிநாட்டவர் தங்கினால் அவர் விவரத்தை அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும் என்பதால், பாஸ்போர்ட் கேட்பது இங்குள்ள விடுதிகளில் அன்றாட வேலை. மனத்தில் ‘பாஸ்போர்ட் கொடுங்கள்’ என்று பணிவாக நினைத்தவர் ‘கிவ் பாஸ்போர்ட்’ என்று சொல்லும்போது அது அதட்டலாகக் கேட்கிறது. பின்னால் ‘சார்’ சேர்த்தாலும் அந்தக் கடுமை முழுவதும் போவதில்லை. ‘மே ஐ ஹேவ் யுவர் பாஸ்போர்ட், ப்ளீஸ்?’ என்று கேள்வியாக்குவதே ஆங்கிலத்தின் பணிவு. ‘வெயிட்’ என்பதற்கு ‘ஜஸ்ட் எ மொமென்ட், ப்ளீஸ்’. ‘வாட் யூ வாண்ட்?’ என்பதற்கு ‘ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ?’. அன்பாகப் பேச நினைத்தும் முரடர் என்று பெயரெடுப்பது வருத்தத்துக்குரியது. இந்த மூன்று தொடர்கள் அதைத் தவிர்க்கும்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி மட்டும் படிப்பது இன்னொரு தவறு. மேலங்கியைக் குறிக்கும் சொல்லும் வெள்ளாட்டைக் குறிக்கும் சொல்லும் நம் எழுத்தில் ‘கோட்’ என்றே வரும். ‘நல்லது’ என்ற பொருளுடைய சொல்லும், ‘உதவ முடியுமா?’ போன்ற வேண்டுகோளில் வரும் துணைவினையும் ‘குட்’ என்றே வரும். இந்தக் கட்டுரையில் உள்ள தொடர்களையும் கைப்பேசி அகராதியின் ஒலிக்குறியை அழுத்திக் கேட்ட பிறகே பேசுங்கள்.

பிரெஞ்சு பேசும் புதுச்சேரிக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சொல். உருவத்தில் ஒத்திருக்கும் சொற்களை நம்பிவிடாதீர்கள். பிரெஞ்சில் ‘லிப்ரெரி’ புத்தகக் கடை; ஆங்கிலத்தில் ‘லைப்ரரி’ நூலகம். பிரெஞ்சில் ‘ஆக்துயெல்மான்’ என்பது ‘தற்போது’. ஆங்கில ‘ஆக்சுவலி’ என்பதோ ‘உண்மையில்’.

கடைசியாக, ஒரே இரவில் ஐம்பது தொடர்களைப் படித்துவிட்டு மீண்டும் நோட்டைத் திறக்காமலிருப்பது. படித்ததில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாள்களிலேயே மறந்துபோவதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி 1885-இல் எழுதினார். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நினைவு நிலைக்கிறது என்பதும் அவர் கண்டதே. ஒரு நாளைக்கு ஐந்து தொடர்கள் போதும். மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, கடலூர்–புதுச்சேரிப் பேருந்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அந்த ஐந்தையும் எடுங்கள். ஆங்கிலத் தொடரைக் கையால் மறைத்து, சூழலை மட்டும் படித்து, உதடசைய ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எது தடுமாறுகிறதோ அதன் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, மறுநாள் புதிய ஐந்தோடு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.