கோப்பில் பெயர் இருக்கிறது, பைத்தான் ஏன் 'இல்லை' என்கிறது?

பைத்தானில் வலைத்தளம் அமைக்க உதவும் ஃபிளாஸ்கில் ஒரு சின்னப் படிவம். அதில் பெயரைத் தட்டினால், உறுப்பினர் பட்டியல் உள்ள டெக்ஸ்ட் கோப்பில் அது இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் பார்த்துச் சொல்ல வேண்டும். 'கவிதா' பட்டியலில் கண்ணெதிரே இருக்கிறது. ஸ்கிரிப்டோ 'இல்லை' என்கிறது. எரர் எதுவும் வராததால், புதிதாகக் கற்பவர்கள் இஃப் வரியையே மாற்றி மாற்றி எழுதி நொந்து போகிறார்கள். அந்த வரியை விடுங்கள். அது ஒப்பிடும் இரண்டு மதிப்புகளையும் முதலில் பாருங்கள்.

முதலில், இஃப் வரிக்கு மேலே இரண்டையும் பிரிண்ட் செய்யுங்கள். வெறும் பிரிண்ட் போதாது. மறைந்திருக்கும் குறிகளையும் காட்டும் ரெப்ர்() வழியாக அச்சிடுங்கள், கூடவே நீளத்தைச் சொல்லும் லென்() போடுங்கள். லென்() 'ி', 'ா' போன்ற குறிகளையும் தனித்தனியாக எண்ணும். படிவத்து 'கவிதா' 5 என்றும், கோப்பின் 'கவிதா' 6 என்றும் வரும். அந்த ஆறாவது, வரி முடிவுக் குறி. ரெப்ர்() அதைப் பின்சாய்வுக் கோடும் 'என்' எழுத்துமாகக் காட்டிவிடும். பட்டியலின் கடைசிப் பெயர் மட்டும் சரியாகப் பொருந்துகிறதா? காரணம் இதுதான், கடைசி வரிக்குப் பின் பெரும்பாலும் யாரும் என்டர் தட்டுவதில்லை.

அடுத்து, கோப்பின் வரி, படிவ மதிப்பு இரண்டுக்கும் ஸ்ட்ரிப்() போடுங்கள்; முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களையும் வரி முடிவுக் குறியையும் அது நீக்கும். இங்கே பலர் சறுக்குவார்கள்: ஸ்ட்ரிப்() இருக்கும் சரத்தை மாற்றாது, புதிய சரத்தைத் திருப்பித் தரும். அதை மாறியில் வாங்கிக்கொள்ளாவிட்டால் பயனில்லை.

சரி, இப்போது முதல் பெயர் மட்டும் பொருந்தவில்லையா? கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டியிருக்கலாம். ஓப்பன்() செய்யும்போது என்கோடிங்கை 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுங்கள், போய்விடும். படிவ மதிப்பு 'நன்' (மதிப்பே இல்லை) என்று வந்தால், எச்டிஎம்எல் இன்புட்டின் நேம் பண்பைச் சரிபாருங்கள்.

தமிழ்ப் பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 'கோபி'யின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பு, கால் என இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். லென்() மட்டும் 4, 5 என்று மாறும். ரெப்ர்()இலும் வித்தியாசம் தெரியாது, அஸ்கி() போட்டால் தெரியும். பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸ்() கொண்டு இரு பக்கத்தையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் 'என்எஃப்சி' வடிவத்துக்கு மாற்றியபின் ஒப்பிடுங்கள்.

அப்புறம், முதல் பெயர், கடைசிப் பெயர், பட்டியலில் இல்லாத பெயர் என மூன்றையும் கொடுத்துப் பார்த்துவிட்டு, போட்ட பிரிண்ட்களை நீக்கிவிடுங்கள்.