பதினான்கு ஆண்டு இடைவெளிக்குப் பின் பத்தாம் வகுப்பு: பாடங்களை எப்படி அணுகுவது

படிப்பை இடையில் விட்டவர் மீண்டும் புத்தகத்தை எடுக்கும்போது, பழைய பயத்தையும் பழைய விருப்பத்தையும் வைத்தே கால அட்டவணை போடுகிறார். புதுப்பேட்டையில் வாகன உதிரிபாகக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த நான், 14 ஆண்டுகளுக்குப் பின் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத முடிவு செய்தபோது, கணிதத்துக்கு வாரத்தில் நான்கு நாள்களை ஒதுக்கிவிட்டு, தமிழுக்கு ஞாயிறு மாலையை மட்டும் விட்டுவைத்தேன். இரண்டும் தவறாகவே முடிந்தன. ஆகவே, முதலில் அட்டவணை போடாதீர்கள். இரண்டு வாரங்களுக்கு ஐந்து பாடங்களிலும் தொடக்கத்தில் ஒரு பகுதி, நடுவில் ஒரு பகுதி எனப் படித்து, நூலை மூடிவிட்டு, பின்னுள்ள வினாக்களுக்கு விடை எழுதிப் பாருங்கள். கை எங்கே தயங்கி நிற்கிறதோ, அங்கேதான் நேரம் தேவைப்படுகிறது.

நூல்களை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்தில் வாங்கலாம். நம் ஊரில் பலருக்கு அது இன்னும் பழைய பெயரில் டி.பி.ஐ. தான். சென்ட்ரல் அருகே பழைய புத்தகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுப்பவர்கள் பதிப்பு ஆண்டைப் பார்த்துவிட வேண்டும். 2019-இல் பத்தாம் வகுப்பு நூல்கள் முழுவதுமாக மாறின. அதற்கு முந்தைய நூலைப் படிப்பது வீண் உழைப்பு.

என்னை ஏமாற்றியது தமிழ்தான். நாள் முழுதும் பேசும் மொழி என்ற தைரியத்தில் உட்கார்ந்தால், தொகைநிலைத் தொடர்களை வகைப்படுத்தும்போதும், மனப்பாடப் பாடலை அடிமாறாமல் எழுதும்போதும் அந்தத் தைரியம் கரைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, செல்பேசியில் தட்டிப் பழகிய விரல்கள் மூன்று மணி நேரம் பேனா பிடிக்க மறுக்கின்றன. தினமும் ஒரு பக்கமாவது பாராமல் எழுதுங்கள்; இலக்கணம், மனப்பாடம், கையெழுத்து ஆகிய மூன்றுக்கும் அது ஒரே பயிற்சியாக அமையும்.

கணிதம் நான் அஞ்சிய அளவுக்கு இல்லை. வினாத்தாளில் எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டு வரும். ஒன்று வடிவியல் வரைதல், மற்றொன்று வரைபடம். இவ்விரண்டுக்கும் நினைவாற்றலைவிட அளவுகோலும் கவராயமும் பழகிய கையே முக்கியம். இரண்டையும் சரியாக முடித்தால் 16 மதிப்பெண். தேர்ச்சிக்கு வேண்டிய 35-இல் ஏறத்தாழப் பாதி. முதல் மாதம் இவற்றை மட்டும் வரைந்து பழகிவிட்டு, பிறகு இயற்கணிதத்துக்குச் செல்வது மனத்துக்கும் நல்லது. முக்கோணவியலுக்கு மட்டும் யாரிடமாவது நேரில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். வீடியோ பார்க்கும்போது புரிவதுபோலத் தோன்றி, மறுநாள் மறந்துபோகிறது.

சமூக அறிவியலில் வயது ஒரு மூலதனம், ஆனால் முழுவதும் நம்பத்தக்கதன்று. கடையில் ஆயிரக்கணக்கான ஜி.எஸ்.டி. ரசீது போட்டவனாக இருந்தும், வரிகள் பற்றிய பாடத்தில் அது நேர்முக வரியா, மறைமுக வரியா என்ற கேள்வியில் நான் தடுமாறினேன். நமக்குத் தெரிந்த செய்தியாகவே இருந்தாலும் விடையை நூலின் கலைச்சொற்களால் எழுத வேண்டும் என்பதை அன்று புரிந்துகொண்டேன். வரைபட வினாவுக்கு வெற்று நிலப்படங்களில் இடங்களைக் குறித்துப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆங்கிலத்துக்குப் பழைய வினாத்தாள்களே போதும்.

அறிவியலில் மட்டும் படிப்புக்கு முன் தேர்வு விதியைப் படிக்க வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 மதிப்பெண். தேர்ச்சிக்கு முறையே 20-உம் 15-உம் தேவை. எழுத்தில் எவ்வளவு எடுத்தாலும் செய்முறையின் குறையை அது ஈடுசெய்யாது. முதன்முறை எழுதும் நேரடித் தனித்தேர்வர் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிவு செய்து, ஒதுக்கப்படும் பள்ளிக்குச் சென்று வர வேண்டும். இதற்கான அறிவிப்பு தேர்வு விண்ணப்பத்துக்கு முன்பே வந்துவிடும் என்பதால், அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்தை அவ்வப்போது பார்த்துவாருங்கள். பயிற்சி வகுப்புக்கு விடுப்பு கேட்க வேண்டியிருக்கும் என்பதையும் முதலாளியிடம் அப்போதே சொல்லிவிடுங்கள். நான் கடைசி நாளில் சொன்னதால் இரண்டு வாரச் சம்பளம் போயிற்று.