கேஸ் அடுப்பை நாலாவது தடவை பார்ப்பதற்கு முன்

குழந்தையைத் தூக்கும்போது 'கீழே போட்டுவிடுவேனோ' என்று சட்டென ஓர் எண்ணம். இது பெரும்பாலோருக்கும் வந்து போவதுதான் என்று உளவியலாளர்கள் ராக்மன், டி சில்வா இருவரும் 1978-லேயே காட்டினார்கள். ஓசிடி (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, செய்ததையே மறுபடி செய்யவைக்கும் மனநலக் கோளாறு) உள்ளவரிடம் அது ஒட்டிக்கொள்ள ஒரு முக்கியக் காரணம், 'நினைத்தாலே நடந்துவிடும்', 'நினைப்பதும் செய்வதும் ஒன்றே' என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை ஒரு வரியில் எழுதி, அதை எவ்வளவு நம்புகிறீர்கள் என்று 100-க்கு மதிப்பெண் போடுங்கள்: 'கேஸ் திறந்திருக்கிறது என்று தோன்றினால் திறந்துதான் இருக்கும்: 80.' பிறகு அடுப்பை ஒருமுறை மூடிவிட்டு, மறுபடி பார்ப்பதை 10 நிமிடம் தள்ளிப்போடுங்கள். எண்ணத்தோடு வாதாட வேண்டாம்; தெருவில் போகும் ஆட்டோ சத்தம்போல இருக்கட்டும். பதற்றம் ஏறத்தான் செய்யும். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டி, பார்க்காமலே விடும் நிலைக்கு வாருங்கள். வாரக் கடைசியில் மதிப்பெண்ணைத் திருத்துங்கள்.

சறுக்கும் இடம் வேறு. 'மூடிட்டேன்ல?' என்று வீட்டில் கேட்பது, போனில் படம் எடுப்பது, மனதுக்குள் மந்திரம் சொல்வது எல்லாமே மறைமுகச் சோதனைதான். எண்ணத்தை அடக்குவதும் உதவாது. வெள்ளைக் கரடியை நினைக்காதே என்றால் அதுதான் வரும் (உளவியலாளர் வெக்னரின் ஆய்வு, 1987). திரும்பத் திரும்பப் பார்த்தால் மனதில் உறுதி கூடும் என்பதும் தவறு. கணினித் திரையில் கேஸ் அடுப்பை வைத்து 2003-ல் வெளியான ஆய்வில், பலமுறை சரிபார்த்தவர்களுக்குத் தங்கள் நினைவின்மீது நம்பிக்கை குறைந்தது.

தினமும் 1 மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போனால், தனியாக முயலாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் அரசின் மனநலத் தொலைபேசி உதவி சேவையான டெலி மானஸ் எண்: 14416.