வன்னிக் கிராமமொன்றில் ‘ஸ்ட்ரீட் சிங்கர்’ படத்தைத் திரையிடும் முறை

கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனம் 1938இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் சிங்கர்’ என்ற இந்திப் படம் தெருவில் பாடிப் பிழைக்கும் இருவரின் காதல் கதை. பணி மஜும்தார் இயக்கத்தில் கே. எல். சைகலும் கானன் தேவியும் தாமே பாடி நடித்தார்கள்; ஆர். சி. போரால் இசையமைத்தார். ஆதரவற்றவர்களாக வளர்ந்த புல்வாவும் மஞ்சுவும் நாடக மேடைக் கனவோடு கல்கத்தாவுக்கு வருகிறார்கள். மஞ்சுவின் புகழ் ஏற ஏற இருவருக்கும் இடையே விரிசல் விழுகிறது. விடிய விடியக் காத்தவராயன் கூத்துப் பார்த்து வளர்ந்த வன்னி மக்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இராது என்பது என் உறுதியான நம்பிக்கை. ஆனால் படத்தின் உயிர் குரலில் இருப்பதால், ஏற்பாடு முழுவதையும் காதுக்காகவே செய்ய வேண்டும்.

மாரி மழையை நம்பிச் செய்யும் காலபோக நெல்லின் அறுவடை முடிந்து வீடுகளில் சற்று ஓய்வு இருக்கும் மாசி, பங்குனி மாதங்கள் இதற்கு உகந்தவை. மாரியில் வைத்தால் தவளைச் சத்தமும் தகரக் கூரையில் விழும் மழையும் படத்தை விழுங்கிவிடும். அயலில் கோயில் திருவிழா இல்லாத நாளாகவும் பார்த்துக்கொள்ள வேண்டும். சனசமூக நிலையத்தின் மண்டபத்தைவிட அதன் முற்றமே நல்லது, ஏனெனில் வெறுஞ்சுவரிலும் தகரத்திலும் பட்டுத் திரும்பும் ஒலி பழைய படத்தின் சொற்களைக் குழப்பிவிடும். மண்டபத்தைத் தவிர்க்க முடியாவிட்டால், சுவர்களில் பாய்களையும் சாக்குகளையும் தொங்கவிட்டால் எதிரொலி பெருமளவு அடங்கும். ஜெனரேற்றர் தேவைப்பட்டால் நீண்ட வயர் இழுத்து, கட்டடத்தின் மறுபுறத்தில், காற்று எதிர்த்திசைக்கு வீசும் இடத்தில் வைக்க வேண்டும்.

திரைக்கு 8 அடி அகலமும் 6 அடி உயரமும் கொண்ட வெள்ளைத் துணி போதும். அக்காலப் படச்சட்டம் ஏறத்தாழ அகலம் 4 பங்கும் உயரம் 3 பங்குமாக அமைந்தது. இன்றைய புரொஜெக்ரர் அதை அகலமாக இழுத்துக் காட்டினால் சைகலின் முகமே மாறிவிடும். ஆகவே இருபுறமும் கறுப்புப் பட்டை விழ விட்டுவிட வேண்டும்.

ஒலியில்தான் நாம் வழக்கமாகத் தவறு செய்கிறோம். திருவிழாவுக்குக் கொண்டுவரும் பெரிய ஒலிபெருக்கிகளை இருபக்கமும் அடுக்கி, எக்கோவையும் போட்டு, அடித்தொனியையும் கூட்டிவிடுவது நம் ஊர்ப் பழக்கம். இந்தப் படத்தின் ஒலியோ, பிலிம் சுருளின் ஓரத்தில் ஒளிக் கோடாகப் பதியப்பட்ட ஒற்றைத் தடம். அதில் ஆழ்ந்த அடித்தொனியும் இல்லை, மிக உயர்ந்த தொனியும் இல்லை. அடித்தொனியைக் கூட்டினால் இரைச்சல் மட்டுமே கூடும். எக்கோவை முற்றாக நிறுத்தி, ஒரேயொரு ஒலிபெருக்கியை, உட்கார்ந்திருப்பவர்களின் தலை மட்டத்தில், திரையின் நடுவில் கீழே வைத்தால், குரல் பாடுபவரின் வாயிலிருந்தே வருவதுபோல் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் பிரதிகளின் தரம் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், முதல் நாள் இரவு அதே இடத்தில் முழுப் படத்தையும் ஓட்டிக் கேட்பது அவசியம்.

இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணமாக ஒரு பாட்டு இருக்கிறது. முன்பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்கும் முறை அதே நிறுவனத்தின் படங்களில் 1935இலேயே வந்துவிட்டது. அப்படியிருந்தும் வட இந்தியாவின் அவத் அரசை ஆண்ட நவாப் வாஜித் அலி ஷா இயற்றிய ‘பாபுல் மோரா’ என்ற பைரவி ராகப் பாடலைச் சைகல் கமெராவின் முன் நடந்தபடியே நேரடியாகப் பாடினார். வாத்தியக்காரர்கள் படச்சட்டத்துக்கு வெளியே தொடர்ந்து வந்து வாசித்தார்கள். நடையில் மூச்சு எங்கே வாங்குகிறது, அடி எங்கே சற்று நீள்கிறது என்பதை ஆடிக்கொண்டே பாடிப் பழகிய கூத்துக் கலைஞர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். அவர்களை முன்வரிசையில் இருத்துவது மரியாதைக்காக மட்டுமல்ல, அவர்கள் தலையசைப்பதைப் பார்த்தே பிள்ளைகளும் கேட்கப் பழகுவார்கள்.

மொழி தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. படம் தொடங்குமுன் ஒருவர் 10 நிமிடங்களில் கதையைச் சொல்லட்டும். முடிவை மட்டும் சொல்லாமல் விடட்டும். தமிழ் வசனவரி சேர்ப்பதானால் உரையாடலுக்கு மட்டும் சேர்த்து, பாடலுக்கு அதன் கருத்தை முதலில் ஒருமுறை காட்டிவிட்டு எழுத்தை எடுத்துவிட வேண்டும். ‘பாபுல் மோரா’வுக்கு, தந்தையின் வீட்டைவிட்டுப் புகுந்த வீட்டுக்குப் போகும் பெண்ணின் பிரிவு என்று ஒரு வரி போதும், தன் அரசை இழந்து லக்னோவை விட்டு வெளியேற்றப்பட்ட மன்னனின் சொற்கள் அவை என்பதைக் கதை சொல்பவர் முன்கூட்டியே தெரிவிக்கலாம். ஊரைவிட்டு நடந்தவர்கள் நிறைந்த சபைக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். சைகல் தமிழ்ப் படமொன்றுக்காகத் தமிழிலும் பாடியவர் என்பதையும் சொன்னால் முதியவர்கள் மகிழ்வார்கள்.

கச்சான், தேத்தண்ணீர் விற்பனையை இடைவேளைக்கு ஒதுக்கிவிடுங்கள். படம் முடிந்ததும் உரைகள் வைக்காமல், ‘பாபுல் மோரா’ காட்சியை மட்டும் திரையை அணைத்துவிட்டு, இருட்டில் ஒலியாக மறுபடியும் ஒலிக்கவிடுங்கள். அதன்பின் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் எவராவது பாட முன்வந்தால், அவர் கையில் ஒலிவாங்கியைக் கொடுக்காமல், கதிரைகளை அவரைச் சுற்றி நெருக்கிப் போடுங்கள்.